1644: பெய்ஜிங்கைத் தோற்றது யார்?

#1 வடபாதி

மிங் வம்சம் கவிழ்ந்த 1644-ஐப் பற்றிப் பேச ஓர் இழை. அந்த ஒரே ஆண்டில் பெய்ஜிங் மூன்று ஆட்சிகளைப் பார்த்தது. ஏப்ரல் 24 வரை மிங் பேரரசர் சோங்ஜென். மறுநாள் முதல் ஜூன் தொடக்கம் வரை கிளர்ச்சித் தலைவர் லி சிச்செங். அவர் ஓடியதும் வடகிழக்கிலிருந்து வந்த மஞ்சு இனத்து இளவரசர் டோர்கோன் உள்ளே நுழைகிறார். அக்டோபர் 30 அன்று ஷுன்ஜி என்ற ஆறு வயதுப் பையனைச் சிங் பேரரசனாக அங்கே அரியணை ஏற்றுகிறார்கள். இது போதாதென்று தெற்கே நான்ஜிங்கில் ஒரு மிங் இளவரசர் முடிசூட்டிக்கொள்கிறார். மேற்கே செங்டூவைப் பிடித்துக்கொண்டு ஜாங் சியான்ஜோங் தனி ராஜ்ஜியம் நடத்துகிறார்.

வழக்கமாகச் சொல்கிற கதை எல்லோருக்கும் தெரியும். எல்லைத் தளபதி வூ சான்குய் தன் ஆசைநாயகியைப் பறிகொடுத்த கோபத்தில் பெருமதிலின் கதவை மஞ்சுக்களுக்குத் திறந்துவிட்டார், நாடு போனது. இதை நம்புகிறீர்களா? இல்லையென்றால் பழியை யார் தலையில் போடுவது?

#2 திண்ணைவாசி

நாடு போனால் பெண் மேல் பழி போடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். துண்டு போட்டு உட்கார்ந்துவிட்டேன், ஆரம்பியுங்கள்.

#3 பழஞ்சுவடி

வூ சான்குய் விஷயத்தில் தேதிகளை வரிசையாக வைத்தாலே பாதிக் கதை உதிர்ந்துவிடும்.

மதிலுக்கு வெளியே நிங்யுவான் கோட்டையைக் காத்துவந்தவர் அவர். லி சிச்செங் ஷான்சி வழியாகத் தலைநகரை நெருங்குகிறார் என்றதும் பேரரசர் அவரைத் திரும்பி வரச் சொன்னார். படையோடு அந்த வட்டாரத்து மக்களையும் கூட்டிக்கொண்டு அவர் மெதுவாக வந்தார். அவர் வந்து சேருமுன் பெய்ஜிங் விழுந்துவிட்டது, பேரரசரும் செத்துவிட்டார். காட்டிக்கொடுக்க அங்கே அரசு என்று எதுவும் மிச்சமில்லை.

அடுத்து, டோர்கோன் ஷென்யாங்கிலிருந்து படையோடு கிளம்பியது மே 14. உதவி கேட்டு வூ எழுதிய கடிதம் மே 20 வாக்கில் வழியில்தான் அவர் கைக்கு வந்தது. கடிதம் வராவிட்டாலும் அவர் வந்திருப்பார். மதிலின் கிழக்குக் கோடி வாசலான ஷான்ஹாய் கணவாயை விட்டுவிட்டு வேறு வாசல்கள் வழியாக மஞ்சுக்கள் உள்ளே புகுந்து சூறையாடிவிட்டுப் போனது 1629, 1636, 1638, 1642 என்று பலமுறை நடந்திருக்கிறது. கடிதத்தைப் பார்த்ததும் டோர்கோன் பாதையை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

வூ யோக்கியர் என்று நான் சொல்ல வரவில்லை. 1662-இல் மிங் அரியணைக்குக் கடைசியாக உரிமை கோரிய யோங்லியைக் குன்மிங்கில் கழுத்தை நெரித்துக் கொன்றது இவர்தான். 1673-இல் சிங் அரசுக்கு எதிராகவே கிளம்பியதும் இவர்தான். ஆனால் 1644-இன் பழியை முழுசாக இவர் தலையில் கட்டுவது சரியான கணக்கில்லை.

#4 கணக்குப்பிள்ளை

கணக்கு என்று பழஞ்சுவடி ஐயா சொன்னதால் உள்ளே வருகிறேன். என்னைக் கேட்டால் 1644 ஒரு சம்பள பாக்கித் தகராறு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

1618-இல் மஞ்சுக்களோடு போர் தொடங்கியதும் லியாவோதுங் (வடகிழக்கு எல்லைப் பகுதி) செலவுக்கென்று நிலவரியின் மேல் ஒரு கூடுதல் வரி போட்டார்கள். கிளர்ச்சியை அடக்க இரண்டாவது. படைக்குப் பயிற்சி கொடுக்க மூன்றாவது. மூன்றும் சேர்ந்து 1640 வாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடி தாயெல் என்பார்கள். ஒரு தாயெல் சுமார் 37 கிராம் வெள்ளி. இது ஏட்டில் எழுதிய தொகை. கைக்கு வந்தது எவ்வளவு, வழியில் தேய்ந்தது எவ்வளவு என்பது வேறு கதை. வறட்சியில் செத்துக்கொண்டிருந்த வடமாகாணங்களில் யாரிடம் போய் வசூலிப்பது? வரி கட்ட முடியாதவன் ஊரைவிட்டு ஓடினான். ஓடியவன் பங்கும் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் விழுந்தது. அவனும் ஓடினான். ஓடியவர்கள் போய்ச் சேர்ந்த இடம் கிளர்ச்சிப் படை. அதை அடக்க இன்னும் வரி. இந்தச் சுழலிலிருந்து மிங் அரசு கடைசிவரை வெளியே வரவில்லை.

சம்பளம் இல்லாத படை என்ன செய்யும் என்பதற்கு 1631-இல் வூசியாவோவில் நடந்ததைப் பாருங்கள். மஞ்சுக்களின் முற்றுகையில் சிக்கியிருந்த தாலிங் ஆற்றுக் கோட்டைக்கு உதவ ஷான்துங்கிலிருந்து ஒரு படைப்பிரிவு போய்க்கொண்டிருந்தது. குளிர்காலம். சரியான சோறில்லை. வழியில் வூசியாவோ ஊர்க்காரர்கள் கடைகளைச் சாத்திவிட்டார்கள். பசியில் ஒரு சிப்பாய் உள்ளூர்ப் பெரிய வீடு ஒன்றின் கோழியைத் திருடிவிட்டான். வீட்டுக்காரர் விடவில்லை, அதிகாரிகள் சிப்பாய்க்குத் தண்டனை கொடுத்தார்கள், மொத்தப் படையும் கொதித்துக் கலகத்தில் இறங்கியது. கோங் யூத என்ற அதிகாரியின் தலைமையில் திரும்பிப் போய் தெங்ஜோ துறைமுகத்தைப் பிடித்தார்கள். அங்கேதான் போர்த்துக்கீசியப் பயிற்றுநர்களை வைத்து மிங் அரசு புதிய பீரங்கிப் படை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. 1633-இல் கோங் யூத கப்பல்களையும் பீரங்கிகளையும் அவற்றை இயக்கத் தெரிந்த ஆட்களையும் கொண்டுபோய் மஞ்சுக்களிடம் சேர்ந்தார்.

ஒரு கோழிக்காக மிங் அரசு பீரங்கிப் படையை எதிரிக்குத் தானம் செய்தது. வூ சான்குயின் காதல் கதையைவிட எனக்கு இந்தக் கோழிதான் முக்கியம்.

#5 திண்ணைவாசி

கோழி திருடியவனை விட்டுவிட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்திருந்தால் 268 ஆண்டு சிங் ஆட்சியே இல்லை என்கிறீர்கள்!

#6 செங்கல்சூளை

கணக்குப்பிள்ளை அண்ணே, உங்கள் கட்சிதான் நானும். ஆனால் சம்பளம் என்று மட்டும் சொன்னால் லி சிச்செங் யார் என்பது காணாமல் போய்விடுகிறது. 1606-இல் ஷான்சி மாகாணத்து மீஜி ஊரில் பிறந்தவர் (இது மேற்கே சியான் இருக்கும் ஷான்சி, மேலே ஐயா சொன்னது கிழக்கே உள்ள இன்னொன்று). அரசுத் தபால் நிலையத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் கடைநிலை வேலை. 1629 வாக்கில் செலவைக் குறைப்பதாகச் சொல்லிப் பேரரசர் தபால் நிலையங்களை வெட்டினார். இவர் வேலை போயிற்று. மிச்சம் பிடித்த வெள்ளி கொஞ்சம், அதனால் தெருவில் நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். பதினைந்து ஆண்டு கழித்து அதே ஆள் தலைநகருக்குள் குதிரையில் வருகிறார்.

'சுவாங் ராஜா வந்தால் வரி கிடையாது' என்று மக்கள் பாடினார்கள் (சுவாங் ராஜா என்பது லியின் பட்டப்பெயர்). நகரத்துக்கு நகரம் கதவைத் தானாகத் திறந்தார்கள். ததோங், சுவான்ஃபூ, ஜுயோங் கணவாய் என்று தலைநகரின் காவல்கள் சண்டையே போடாமல் சரணடைந்தன. நிங்வூவில் ஜோ யூஜி ஒருவர்தான் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டார். பெய்ஜிங்கில் முதல் சில நாட்களில் துணிக்கடையில் கை வைத்த சிப்பாய்களுக்கு லி மரண தண்டனை கொடுத்ததாகவும் குறிப்புகள் உண்டு. மக்கள் அரசாகத்தான் அது தொடங்கியது.

#7 பழஞ்சுவடி

தொடங்கியது, சரி. தோழர், அந்தப் பாட்டை எழுதியவர் என்று சொல்லப்படும் லி யான் என்ற படித்த ஆலோசகரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஹெனான் பண்ணையார் வீட்டுப் பிள்ளை, ஏழைகளுக்குத் தானியம் கொடுத்தவர், பிறகு லியோடு சேர்ந்தவர் என்று அழகான கதை. ஆனால் அவர் நிஜமாகவே இருந்தாரா என்பதே ஆய்வாளர்கள் நடுவில் நெடுநாள் சண்டை. கதாசிரியர்கள் ஊதிப் பெருக்கிய பாத்திரம் என்ற பக்கம்தான் எனக்குச் சாய்வு.

#8 கணக்குப்பிள்ளை

செங்கல்சூளை தம்பி, அந்த 'வரி கிடையாது' என்ற வாக்குறுதிதான் லியைக் கவிழ்த்தது. யோசித்துப் பாருங்கள். பெரிய படை இருக்கிறது, வரி கிடையாது என்று சொல்லியாயிற்று, சாப்பாடு எங்கிருந்து வரும்?

முதலில் பேரரசர் பக்கத்தைப் பார்ப்போம். கடைசி வாரங்களில் சோங்ஜென் கையேந்தினார். அமைச்சர்கள், உறவினர்கள், அண்ணகர்கள் எல்லோரும் படைச் செலவுக்கு நன்கொடை தரவேண்டும் என்றார். மாமனார் ஜோ குய் ஒன்றுமில்லை என்று கையை விரித்தார். மகளான பேரரசி தன் சேமிப்பிலிருந்து 5,000 தாயெலை ரகசியமாக அப்பாவுக்கு அனுப்பி, 'இதையாவது உங்கள் பங்காகக் கொடுங்கள்' என்றாராம். அப்பா அதிலும் 2,000-ஐ அமுக்கிக்கொண்டு 3,000-ஐத்தான் கட்டினார் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. மொத்தமாகத் திரண்டது சுமார் 2 லட்சம் தாயெல். எல்லைப் படைக்கு அது எந்த மூலைக்கு?

சில வாரம் கழித்து லியின் தளபதி லியூ ஜோங்மின் அதே ஜோ குய்யைப் பிடித்து வந்தார். அப்போது அவர் வீட்டிலிருந்து 5 லட்சம் தாயெலுக்கு மேல் வந்தது என்பார்கள். பெரிய பதவியில் இருந்தவர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று விலை வைத்தார்கள். மந்திரி என்றால் இத்தனை ஆயிரம், அவருக்குக் கீழே என்றால் இத்தனை. கட்டாதவனுக்குக் கணுக்காலை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்துக் கயிற்றை முறுக்கும் இடுக்கிச் சித்திரவதை. எலும்பு நொறுங்கிச் செத்தவர்கள் பலர். வசூலான வெள்ளியை உருக்கிக் கட்டிகளாக்கி, கோவேறு கழுதைகளில் ஏற்றி சியானுக்கு அனுப்பினார்கள். மொத்தம் 7 கோடி தாயெல் என்று எழுதியவர்கள் உண்டு. அந்த எண்ணை நான் நம்பவில்லை, மூன்று ஆண்டுக்கு மேலான வரி வருமானம் அது. ஆனால் வெள்ளி நகரத்துக்குள்ளேயே இருந்தது, அரசின் கைக்கு மட்டும் வரவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது வூ சான்குய்க்கு வாருங்கள். அவர் முதலில் லியிடம் சரணடையத்தான் கிளம்பினார். பாதி வழியில் சேதி வருகிறது: அப்பா வூ சியாங்கைப் பிடித்து வைத்து வெள்ளி கேட்டு அடிக்கிறார்கள், ஆசைநாயகியை லியூ ஜோங்மின் எடுத்துக்கொண்டார். உடனே திரும்பினார். கவிஞர்களுக்கு அந்தப் பெண் மட்டும் கண்ணில் பட்டாள். எனக்கு அந்த அடி கண்ணில் படுகிறது. அப்பாவுக்கே இந்த மரியாதை என்றால், இந்த ஆட்சியில் தனக்கும் தன் படைக்கும் என்ன கிடைக்கும் என்று எந்தத் தளபதியும் கணக்குப் போடுவான்.

#9 நிலாமுற்றம்

'அந்தப் பெண்' என்று நீங்களும் கடந்து போகிறீர்களே அண்ணா. பெயர் சென் யுவான்யுவான். சூஜோ பக்கத்தில் பாடியும் நடித்தும் புகழ்பெற்றவர். அரச உறவினர் ஒருவர் தலைநகருக்குக் கொண்டுவந்தார், அங்கிருந்து வூவின் கைக்கு, அவர் எல்லைக்குப் போனதும் லியூவின் கைக்கு, போருக்குப் பிறகு மறுபடி வூவிடம். எந்தக் கட்டத்திலும் அவரை யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய கவிஞர் 'ஒரு முகத்துக்காகத் தளபதி சினந்தான்' என்ற பொருளில் நீண்ட பாட்டு எழுத, முன்னூறு ஆண்டுக்கு அதுவே வரலாறாகிவிட்டது.

இளவரசி சாங்பிங்கை இங்கே யாரும் சொல்லவில்லை. ஏப்ரல் 24 இரவு, பேரரசி தூக்கிட்டுக்கொண்ட பிறகு, சோங்ஜென் தன் மகள்களை வாளால் வெட்டினார். சின்னவள் இறந்தாள். மூத்தவளுக்குப் பதினைந்து வயது இருக்கும். 'என் வீட்டில் ஏன் பிறந்தாய்' என்று கேட்டபடி வெட்டினாராம். கை துண்டானது, உயிர் போகவில்லை. சிங் அரசு வந்ததும் துறவியாகப் போக அனுமதி கேட்டார். கொடுக்கவில்லை. ஏற்கெனவே நிச்சயித்திருந்த மாப்பிள்ளைக்கே 1645-இல் கட்டிவைத்தார்கள், மிங் வம்சத்தைத் தாங்கள் மரியாதையாக நடத்துவதாகக் காட்ட. மறு ஆண்டு இறந்துபோனார்.

#10 வடபாதி

இவ்வளவு நெருக்கடி தெரிந்தும் சோங்ஜென் ஏன் நான்ஜிங்குக்கு நகரவில்லை? அங்கே இரண்டாம் தலைநகரம், அமைச்சகங்கள் எல்லாம் தயாராக இருந்தனவே. அல்லது மஞ்சுக்களோடு சமாதானம் பேசி ஒரு எதிரியையாவது குறைத்திருக்கலாம்.

#11 பழஞ்சுவடி

இரண்டுக்கும் முயன்றார். இரண்டிலும் ஒரே நோய்: தான் விரும்பியதைத் தன் வாயால் சொல்லமாட்டார். வேறொருவர் சொல்லவேண்டும், பழி வந்தால் அவர் தலையில் போகவேண்டும்.

1642-இல் போர் அமைச்சர் சென் சின்ஜியாவை அழைத்து மஞ்சுக்களோடு ரகசியமாகச் சமாதானம் பேசச் சொன்னார். தூது போனவரிடமிருந்து அறிக்கை வந்தது. சென் அதைப் படித்துவிட்டு மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். வேலைக்காரன் வழக்கமான படைச் செய்தி என்று நினைத்து நகலெடுக்கக் கொடுத்துவிட்டான். அது அரசிதழில் சுற்றுக்குப் போய்விட்டது! தலைநகரம் முழுக்கக் கூச்சல். பேரரசர், 'நான்தான் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சென் சின்ஜியாவை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவரோ நான் செய்தது அரசருக்குச் செய்த சேவை என்று விளக்கம் எழுதினார். தலை போயிற்று. அதற்குப் பிறகு சமாதானம் என்று வாயெடுக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

1644 தொடக்கத்தில் லி மிங்ருய் என்ற அதிகாரி தெற்கே போகலாம் என்றார். பேரரசருக்கு உள்ளுக்குள் ஆசைதான். குவாங் ஷிஹெங் என்ற கண்டன அதிகாரி (அரசின் தவறுகளைச் சுட்டிக்காட்டும் பதவி) கடுமையாக எதிர்த்தார், அரசர் தலைநகரை விட்டு அசையக்கூடாது என்று. அமைச்சர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். சென்னுக்கு என்ன ஆனது என்று அவர்கள் பார்த்திருந்தார்களே. 17 ஆண்டு ஆட்சியில் ஏறக்குறைய 50 பெருஞ்செயலர்களை (தலைமை அமைச்சர்களை) மாற்றிய அரசர் இவர். மஞ்சுக்களைத் தடுத்து நிறுத்திய யுவான் சோங்ஹுவானை 1630-இல் சந்தேகத்தின் பேரில் அங்கம் அங்கமாக வெட்டிக் கொல்லச் சொன்னவர்.

அந்தக் குவாங் ஷிஹெங் பெய்ஜிங் விழுந்ததும் லி சிச்செங்கிடம் சரணடைந்தார். பிறகு தெற்கே போனவரை நான்ஜிங் அரசு 1645-இல் கொன்றது.

#12 திண்ணைவாசி

அரசர் அசையக்கூடாது, நான் அசையலாம்.

#13 மழைமானி

எல்லோரும் மனிதர்களையே பேசுகிறீர்கள். 1630-களின் கடைசியிலிருந்து 1643 வரை வட சீனாவில் விழுந்த வறட்சி சில நூற்றாண்டுகளில் மிக மோசமானவற்றில் ஒன்று. வெட்டுக்கிளி, பஞ்சம், பின்னாலேயே கொள்ளைநோய். 1643-இல் பெய்ஜிங்கில் நோய் பரவி, மதில் மேல் நிற்க வேண்டிய காவல்படையே மெலிந்துபோனது. எந்த அரசர் உட்கார்ந்திருந்தாலும் தாங்கியிருக்குமா?

#14 கணக்குப்பிள்ளை

மழைமானி, வறட்சியை யார் மறுப்பது? ஆனால் அதே வானத்துக்குக் கீழேதான் மஞ்சுக்களும் இருந்தார்கள். அவர்கள் பக்கமும் தானியத் தட்டுப்பாடு கடுமையாகவே இருந்தது. சூறையாட அவர்கள் திரும்பத் திரும்பத் தெற்கே வந்ததற்கு அதுவும் காரணம். எதிரிக்கும் அதே பஞ்சம் என்னும்போது, இருப்பதைத் திரட்டிச் சிப்பாய்க்கு யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்றுதான் நான் பார்ப்பேன்.

டோர்கோன் செய்ததைக் கவனியுங்கள். மே 27 ஷான்ஹாய் போரில் மணற்புயல் அடித்தது. வூவின் ஆட்கள் அடையாளத்துக்கு வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு முதலில் மோதிக் களைத்தார்கள். மஞ்சுக் குதிரைப்படை பிறகு புகுந்து லியை ஓடவிட்டது. லி பெய்ஜிங்குக்குத் திரும்பி, வூவின் குடும்பத்தைக் கொன்று, அவசரமாக ஒரு முடிசூட்டு விழா நடத்தி, மறுநாள் அரண்மனைக்குத் தீ வைத்துவிட்டுப் போனார். வூவோடு மிங் பட்டத்து இளவரசர் வருவார் என்று வரவேற்கக் காத்திருந்த நகரத்தார் முன்னால் டோர்கோன் வந்து நின்றார்.

வந்ததும் சோங்ஜெனுக்கு முறைப்படி துக்கம் அனுசரிக்க உத்தரவு. உங்கள் அரசரைக் கொன்றவனைப் பழிவாங்க வந்தோம் என்று அறிவிப்பு. பழைய அதிகாரிகள் அதே நாற்காலியில் உட்காரலாம். முடியை மழித்துச் சடை விடச் சொன்ன ஆணை முணுமுணுப்பு வந்ததும் சில வாரத்தில் வாபஸ். பிறகு நான் மேலே சொன்ன அந்த மூன்று கூடுதல் வரிகளும் ரத்து. லி வரியே கிடையாது என்று சொல்லிவிட்டுக் கணுக்காலை நெரித்தார். டோர்கோன் பழைய வரி உண்டு, அதற்கு மேல் கிடையாது என்று சொல்லிக் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

ஜெர்மானிய ஏசுசபைப் பாதிரியார் ஆடம் ஷால் அந்த ஆண்டு முழுக்கப் பெய்ஜிங்கிலேயே இருந்தார். மிங் அரசுக்குப் பீரங்கி வார்த்துக் கொடுத்தவர். செப்டம்பர் 1 அன்று வந்த சூரிய கிரகணத்தை மற்றவர்களைவிடச் சரியாகக் கணித்துக் காட்ட, சிங் அரசு வானியல் துறையையே அவரிடம் ஒப்படைத்தது. ஆட்சி மாறி மூன்று மாதத்தில் பஞ்சாங்கம் வரை வேலை நடக்கிறது!

#15 செங்கல்சூளை

அண்ணே, டோர்கோனுக்கு மாலை போடாத குறை. வாபஸ் வாங்கிய அந்த ஆணையை மறு ஆண்டே திரும்பக் கொண்டுவந்தார்கள்: முடி இருந்தால் தலை இருக்காது. 1645 மே மாதம் யாங்ஜோவில் நடந்த படுகொலை, பிறகு ஜியாடிங், ஜியாங்யின். பழைய வரிக்கு மேல் கிடையாது என்ற வாக்கு தெற்கில் எவ்வளவு நின்றது என்பதும் தனிக் கேள்வி. லியின் ஆட்கள் செல்வந்தர்களை நெரித்தார்கள். இவர்கள் நகரங்களையே அழித்தார்கள்.

லியை வைத்து எங்கள் பக்கமும் பாடம் படித்திருக்கிறது. 1949-இல் பெய்ஜிங்குக்குக் கிளம்பும்போது, நாம் லி சிச்செங் ஆகிவிடக்கூடாது என்று மாவோ சொன்னது பிரபலம்.

#16 கணக்குப்பிள்ளை

மாலை போடவில்லை தம்பி. யாங்ஜோவுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. 1644 கோடையில் ஏன் வடக்கே பெரிய எதிர்ப்பு எழவில்லை என்பதற்கு மட்டும் காரணம் சொன்னேன்.

#17 வடபாதி

தெற்கு ஏன் ஓராண்டுகூடத் தாங்கவில்லை? பணம் அங்கேதானே இருந்தது. யாங்சி டெல்டாதான் பேரரசின் வயிறு.

#18 பழஞ்சுவடி

பணம் இருந்தது, அரசு இல்லை. ஜூன் 19 அன்று நான்ஜிங்கில் முடிசூடிய ஹோங்குவாங், 1641-இல் லோயாங்கில் லி சிச்செங் கொன்ற பெருஞ்செல்வ இளவரசரின் மகன். அவரைக் கொண்டுவந்ததே படைத்தளபதிகளும் மா ஷியிங் என்ற மூத்த அதிகாரியும். மற்ற அமைச்சர்களுக்கு வேறொரு இளவரசர் மேல் கண். முதல் நாளிலிருந்தே கோஷ்டிச் சண்டை.

யாங்சிக்கு வடக்கே நான்கு தளபதிகளுக்கு நான்கு வட்டாரம் பிரித்துக் கொடுத்தார்கள், அங்கே வரி வசூலிக்கும் உரிமையோடு. அதாவது சம்பளத்தை நீயே எடுத்துக்கொள். அவர்களில் ஒருவர் காவ் ஜியே. முன்பு லி சிச்செங்கின் ஆள். லியின் மனைவியோடு ஓடிவந்து மிங் பக்கம் சேர்ந்தவர்! இவர் தன் படையோடு யாங்ஜோவுக்குள் வர முயன்றபோது, சூறைக்குப் பயந்து நகரத்தார் கதவைச் சாத்திச் சண்டையே போட்டார்கள். நான்ஜிங் அரசின் மூத்த அமைச்சர் ஷி கஃபா நேரில் போய்ச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. 1645 தொடக்கத்தில் காவ் ஜியேயை இன்னொரு மிங் தளபதி விருந்துக்கு அழைத்துக் கொன்றார். கொன்றவர் நேரே சிங் பக்கம் போனார்.

#19 திண்ணைவாசி

லியின் மனைவி பெயர் என்ன? அந்தக் கதையை யாராவது முழுசாகச் சொல்லுங்கள், சென் யுவான்யுவானைவிட இது சுவாரசியம்.

#20 நிலாமுற்றம்

சிங் என்ற குடிப்பெயர், வம்சத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லியின் முகாமில் உணவுப் பண்டங்களைப் பங்கிடும் பொறுப்பு அந்த அம்மாவிடம்தான் இருந்தது. சரக்கு வாங்க வரும் காவ் ஜியேயோடு பழக்கமானது அப்படித்தான். காவ் இறந்ததும் அவர் படையைச் சிதறவிடாமல் பிடித்து வைக்கப் பார்த்தவரும் இவரே. தன் சின்ன மகனை ஷி கஃபா தத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். ஷி மறுத்து, வேறொருவருக்குப் பிள்ளையாக்கினார். அந்தப் படையில் பெரும்பகுதி சில மாதத்தில் சிங் கொடிக்குக் கீழே தெற்கு நோக்கி நடந்தது.